பிளந்த செவுள் காளான்: வடசென்னைத் தெருவிலேயே தேடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் யாரும் சொல்லித் தராமலே நாம் ஒன்று செய்வோம். செவுளைத் தூக்கிப் பார்ப்போம். சிவப்பாக இருந்தால் கூடையில் போடச் சொல்வோம், வெளுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகர்வோம். காளானிடமும் இதே பழக்கம்தான் வேண்டும். மேலாகப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. புரட்டிப் போட்டு, அடியில் மெல்லிய ஏடுகளாக இருக்கும் செவுளைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் புரட்டிப் பார்த்துப் பழக நம் ஊரில் ஒரு காளான் இருக்கிறது. விரல் நகம் அளவிலிருந்து பெரிய நெல்லிக்காய் அகலம் வரை வளரும். செத்த மரக்கட்டையில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். சாப்பிட உதவாது, தோல் செருப்பு மாதிரி இழுக்கும். அறிவியல் பெயர் ஸ்கைசோஃபில்லம் கம்யூன். 'ஸ்கைசோ' என்றால் பிளந்தது, 'ஃபில்லம்' என்றால் இலை, 'கம்யூன்' என்றால் எங்கும் காணப்படுவது. தமிழில் பரவலாக வழங்கும் பெயர் எதுவும் என் காதில் விழுந்ததில்லை. நம் தெருவில் எல்லாமே 'நாய்க்குடை'தான். இந்தக் கட்டுரையில் இதைப் பிளந்த செவுள் காளான் என்றே சொல்கிறேன்.

எனக்கு இது அறிமுகமானது வர்தா புயலால். 2016 டிசம்பர் 12 அன்று தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. கிளைகளை லாரியில் ஏற்றிப் போனவர்கள் அடிமரத் துண்டு ஒன்றை மட்டும் சுவரோரம் உருட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடினார்கள், சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த மழைக்காலத்தில் பட்டை வெடித்த இடமெல்லாம் வெள்ளை விசிறிகளாக முளைத்திருந்தது. நான் குனிந்தபோது பக்கத்து வீட்டு ஆயா, "நாய்க்கொடை அது, கை வெக்காத" என்றார். சாப்பிடாதே என்ற அர்த்தத்தில் அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் தொட்டால் ஒன்றும் ஆகாது. தொட்டேன், புரட்டினேன், அன்றிலிருந்து விடவில்லை.

காளான் பழக விரும்புகிறவர்களுக்கு முதல் காளானாக இதைத்தான் சொல்வேன். மற்றவை பெரும்பாலும் மழை பெய்து இரண்டு நாளில் வந்து மூன்றாம் நாள் அழுகிவிடும். இது வருஷம் முழுக்கக் கட்டையிலேயே காய்ந்து காத்திருக்கும். அடையாளத்திலும் குழப்பம் குறைவு. செவுள் பிளந்திருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்விக்கே முக்கால்வாசி விடை கிடைத்துவிடும்.

எப்போது போவது

நம் ஊர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. தீபாவளியை ஒட்டி நல்ல மழை பெய்து, நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்தால், அதற்கடுத்த காலைதான் சரியான நேரம். காளான் நனைந்து விரிந்திருக்கும், வெளிச்சமும் இருக்கும். ஆகஸ்ட் செப்டம்பரில் மாலையில் வரும் இடிமழைக்குப் பிறகும் போகலாம்.

மே மாதம் கத்திரி வெயிலில்கூடப் போகலாம். காளான் சுருங்கி, சாம்பல் பூசிய கொட்டைப்பாக்குச் சீவல் போலக் கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது எப்படி எழுந்து வருகிறது என்று கீழே சொல்கிறேன்.

எங்கே தேடுவது

காடு வேண்டியதில்லை, செத்த மரம் போதும். நூற்றுக்கும் மேற்பட்ட மரவகைகளில் இது வளர்வதாகப் பதிவாகியிருக்கிறது. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு.

வடசென்னையில் முதலில் பார்க்க வேண்டியது சாலையோரம் வெட்டிப் போட்ட கிளைகள். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டியவை, புயலில் விழுந்து யாரும் எடுக்காதவை. பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி, மாமரம் மூன்றிலும் எனக்குத் தவறாமல் கிடைத்திருக்கிறது. அடுத்தது விறகுத் தொட்டி. எரிவாயு வந்தபிறகு தொட்டிகள் குறைந்துவிட்டன, ஆனாலும் கல்யாணச் சமையலுக்கும் பிரியாணிக் கடைக்கும் விறகு அடுக்கி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழையில் நனையும்படி வெளியே கிடக்கும் அடுக்கின் கீழ் வரிசைதான் நல்ல இடம். கடைக்காரரிடம், "அண்ணே, கட்டைல மொளச்சிருக்கே, அந்தக் காளான பாத்துக்கவா?" என்று கேட்டால் போதும், இதுவரை யாரும் மறுத்ததில்லை. கேட்காமல் கட்டையைப் புரட்டாதீர்கள். அடுக்கு சரிந்தால் கால் போய்விடும்.

பெரம்பூர், ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கமுள்ள பழைய குடியிருப்புகளிலும் மாதவரம் பால்பண்ணைப் பகுதியிலும் வயதான மரங்கள் நிறைய. அந்த மரங்களில் பட்டுப்போன கிளைகளின் நுனியை அண்ணாந்து பாருங்கள், கீழிருந்தே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பூங்காக்களில் பார்க்க மட்டும் செய்யுங்கள். எடுக்க வேண்டுமானால் அங்கிருக்கும் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரத்துக்குக் கொண்டுவந்து மீதியாகிப் போட்ட சவுக்குக் கட்டைகளையும் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைக்குப் பிறகு நம் பகுதியில் தண்ணீர் தேங்குவது தெரிந்ததே. அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், மூடிய செருப்பு போடுங்கள். கட்டையைக் கையால் புரட்டாமல் குச்சியால் நெம்புங்கள். அடியில் தேளும் பூரானும் ஈரத்துக்கு ஒதுங்கியிருக்கும்.

கையில் என்ன வேண்டும்

பெரிதாக ஒன்றுமில்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சௌகார்பேட்டையில் கிடைக்கும். இந்த வழிகாட்டியில் நான் காசு செலவழிக்கச் சொல்வது இதற்கு மட்டும்தான். பிளேடு ஒன்று, பழைய செய்தித்தாளில் மடித்த காகிதப் பைகள், சிறிய தண்ணீர் பாட்டில், நோட்டு, பென்சில். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம்.

பிளாஸ்டிக் பை வேண்டாம். முதல் வருஷம் நான் எடுத்த நல்ல மாதிரிகளை எல்லாம் கேரி பேக்கில் முடிந்து வைத்து, மறுநாள் பச்சைப் பூசணம் படர்ந்த பிசுபிசுப்பைத்தான் பார்த்தேன். காகிதத்தில் வைத்தால் தானாகவே காய்ந்து, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

அடையாளம் காண்பது

கட்டையில் ஒட்டியிருக்கும்போதே முதலில் படம் எடுங்கள். ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கவாட்டில், ஒன்று முழுக் கட்டையும் தெரிய. அப்புறம் ஒன்றே ஒன்றைப் பிளேடால் அடியோடு நறுக்கி எடுங்கள். காம்பு என்று தனியாக இருக்காது. விசிறியின் கைப்பிடி இருக்கும் இடத்தில் கட்டையோடு ஒட்டியிருக்கும்.

மேற்பக்கம் வெள்ளை அல்லது சாம்பல் வெள்ளை. விரலால் தடவினால் சொரசொரப்பு இல்லை, கம்பளிப் போர்வை மாதிரி மயிர் அடர்ந்திருக்கும். நனைந்தால் நிறம் மங்கிச் சாம்பல் பழுப்பாகும். விளிம்பு உள்பக்கம் சுருண்டு, பெரிதானவற்றில் மடல் மடலாகப் பிரிந்திருக்கும். அகலம் பெரும்பாலும் 1 முதல் 4 சென்டிமீட்டர். சதை மிக மெல்லியது, வளைத்தால் ஒடியாமல் வளையும்.

இனி புரட்டுங்கள். ஒட்டியிருந்த புள்ளியிலிருந்து செவுள்கள் விசிறியாகப் பிரிந்து ஓடும். நிறம் இளஞ்சிவப்பு கலந்த சாம்பல், சிலவற்றில் வெளிறிய பழுப்பு. வெறும் கண்ணுக்கு இவ்வளவுதான். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காளானை லென்ஸுக்கு அருகில் கொண்டுவாருங்கள். (லென்ஸைக் காளான் பக்கம் நீட்டினால் சரியாகத் தெரியாது, பழகும்வரை எல்லோரும் செய்யும் தவறு.) ஒவ்வொரு செவுளின் விளிம்பும் நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும். மூடிய புத்தகத்தை முதுகு மேலே இருக்கும்படி பிடித்துக் கீழ்ப்பக்கம் பிரித்தால் அட்டைகள் இரண்டு பக்கமும் விலகுமே, அப்படி. காளான் காய்ந்திருந்தால் அந்த இரண்டு இதழ்களும் வெளிப்பக்கமாகச் சுருண்டு, பக்கத்துச் செவுளின் இதழைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் பிளேடால் செவுள்களுக்குக் குறுக்கே ஒரு சீவல் வெட்டி, வெட்டு முகத்தைப் பாருங்கள். வரிசையாகத் தலைகீழான 'ஒய்' எழுத்துகள் தொங்குவதுபோல் இருக்கும். இதைப் பார்த்துவிட்டால் பெயரைச் சந்தேகமில்லாமல் எழுதலாம்.

இவை உண்மையில் மற்றக் காளான்களின் செவுள் போன்றவை அல்ல. ஒரு சிறு கிண்ணமாகத் தொடங்கும் காளானின் உள்ளே கிண்ணங்கள் பெருகி, பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி நிற்கின்றன. இரண்டு கிண்ணங்களின் சுவர்கள் முதுகோடு முதுகு ஒட்டும் இடம்தான் நமக்கு ஒரு செவுளாகத் தெரிகிறது. ஒட்டிய சுவர்கள் இரண்டு என்பதால்தான் அது பிளக்கிறது. 1755-இல், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் இதைச் சாதாரணச் செவுள் காளான்களோடு சேர்த்து அகாரிகஸ் என்ற பேரினத்தில் வைத்தார். 1815-இல் ஸ்வீடன் நாட்டு எலியாஸ் ஃப்ரீஸ் அதிலிருந்து பிரித்து இன்றைய பெயரைக் கொடுத்தார்.

தண்ணீர்ச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார வையுங்கள்.

நன்றாகக் காய்ந்த காளான் ஒன்று வேண்டும். வெயிலில் ஒரு நாள் வைத்தால் போதும். ஒரு தட்டில் டிஷ்யூ காகிதத்தை நனைத்து விரித்து, காளானைச் செவுள் மேலே தெரியும்படி வையுங்கள். மேலே நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடிவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை லென்ஸால் பாருங்கள்.

போன மாசி மாதம் நான் வைத்தது, ஒரு வருஷமாகத் தீப்பெட்டியில் கிடந்த மாதிரி. வைக்கும்போது உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. செவுள்கள் எல்லாம் நார் முறுக்கியதுபோல் சுருண்டு, நடுவில் வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிந்தன. அந்த வெள்ளை, இதழ்களின் வெளிப்பக்க மயிர். முதல் அரைமணியில் தொப்பியின் ஓரம் மெதுவாகத் தூக்கியது. ஒரு மணி நேரத்தில் நடுவிலிருந்த செவுள் ஒன்றின் இரண்டு இதழ்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகரத் தொடங்கியிருந்தன. நகர்வது கண்ணுக்குத் தெரியாது, கடிகார முள் மாதிரி. ஆனால் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைக் கோட்டின் அகலம் குறைந்திருக்கும். மத்தியானத்துக்குள் வெள்ளை முழுக்க மறைந்து, இளஞ்சிவப்புச் செவுள்கள் நிமிர்ந்து நின்றன. கட்டையிலிருந்து அன்றுதான் எடுத்தது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள்.

காரணம் எளிமையானது. வித்து (ஸ்போர், காளானின் விதை போன்ற நுண்துகள்) உண்டாகும் மென்மையான பரப்பு, நான் மேலே சொன்ன கிண்ணங்களின் உள்பக்கம் இருக்கிறது. காய்ந்தால் இதழ்கள் சுருண்டு அந்தப் பரப்பை மூடிக் காக்கின்றன, நனைந்தால் திறந்து வித்தை உதிர்க்கின்றன. நாலு மாதம் மழையும் எட்டு மாதம் வெயிலுமான நம் ஊர் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு காலம் தாங்கும்? கனடாவில் வின்னிபெக் நகரில் பணிபுரிந்த காளான் ஆய்வாளர் ஏ. எச். ஆர். புல்லர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காய்ந்த மாதிரிகளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சிவிட்டு அடைத்து வைத்தார். அவர் 1944-இல் இறந்துவிட்டார். அடைத்து ஏறக்குறைய 50 ஆண்டு கழித்துக் குழாயை உடைத்து ஈரப்படுத்தியபோது செவுள்கள் நிமிர்ந்தன, வித்தும் விழுந்தது.

வித்துப் பதிவு எடுப்பது

அடையாளத்தை உறுதி செய்ய இது இரண்டாவது சான்று. நனைத்து விரிந்த காளானைக் கறுப்புச் சார்ட் தாளின்மேல் செவுள் கீழே இருக்கும்படி வையுங்கள். டம்ளரால் மூடுங்கள். இரவு வைத்தால் காலையில் எடுங்கள். தாளில் விசிறி வடிவத்தில் வெள்ளைக் கோலம் விழுந்திருக்கும். வெள்ளைத் தாளில் வைத்தால் ஒன்றும் தெரியாது, அதனால்தான் கறுப்பு. கோலம் மெலிதாக இருந்தால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு வித்தின் நீளம் ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் 200 வித்துகளை வரிசையாக நிறுத்தலாம்.

வீட்டில் ஆஸ்துமா, தீராத சைனஸ் தொல்லை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் யாராவது இருந்தால் இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். மாடியிலோ பால்கனியிலோ வையுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காளானின் வித்தை மூச்சில் இழுத்தவர்களில் சிலருக்கு சைனஸிலும் நுரையீரலிலும் தொற்று வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான். ஆனாலும் ஒரு டம்ளரை வெளியில் வைப்பதில் நமக்கு என்ன கஷ்டம்?

இதுதானா, வேறா?

கட்டையில் பக்கவாட்டில் வளரும் எல்லாமே இது அல்ல. அதிகம் குழம்புவது காட்டுச் சிப்பிக் காளானோடு. அது சதைப்பற்றோடு, ஈரமாக, வழவழப்பாக இருக்கும். செவுள் முழுசாக இருக்கும், பிளக்காது. இரண்டு மூன்று நாளில் அழுகி நாறும். நம்முடையது அழுகாது.

கிரெபிடோட்டஸ் என்றொரு சிறு காளானும் விசிறி வடிவில் வரும். மேலே பார்த்தால் ஏமாற்றும். தொட்டால் நைந்துவிடும், வித்துப் பதிவு பழுப்பாக விழும். லென்சைட்டஸ் வகையும் செவுளோடு இருக்கும், ஆனால் மரத்துண்டு மாதிரி கெட்டி, மேலே வளையம் வளையமாக நிறங்கள் ஓடும், செவுள் தடித்தும் பிளவில்லாமலும் இருக்கும்.

அடியில் செவுளே இல்லாமல் ஊசியால் குத்தியதுபோல் துளைகள் இருந்தால் அது வேறு குடும்பம். செங்காவி நிறத்தில் கட்டையில் பளிச்சென்று தெரியும் பிக்னோபோரஸ், மரத்தின் அடியில் வார்னிஷ் பூசியதுபோல் மின்னும் கானோடெர்மா இரண்டும் அப்படித்தான். ஒரு நொடியில் பிரித்துவிடலாம்.

சாப்பிடலாமா?

கூடாது. நீட்டி முழக்காமல் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மணிப்பூரில் இதே காளானைக் 'காங்லாயென்' என்று சொல்லி, இளசாக இருக்கும்போது எடுத்துச் சமைக்கிறார்கள். அது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. எந்த மரத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு இளசாக எடுப்பது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர்களின் உணவு. பெரும்பாலான காளான் கையேடுகள் இதைத் தின்னத் தகாதது என்றுதான் வகைப்படுத்துகின்றன, மெல்ல முடியாத தோல்தன்மைதான் முதல் காரணம். நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காளான்கள் வளரும் இடத்திலிருந்து கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் சாலையோரக் கட்டை என்னென்ன புகையையும் தூசியையும் தாங்கி நிற்கிறது என்று அங்கே வசிக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காளான் ஆசை வந்தால் கடையில் பால் காளான் வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே.2 ரகம் நம் வெயிலுக்கு ஏற்றது, குழம்புக்கும் வறுவலுக்கும் அருமையாக இருக்கும்.

அப்புறம், வீடுகளில் சொல்லும் சில சோதனைகள். வெள்ளிக் கரண்டி கறுத்தால்தான் விஷம், பூச்சி கடித்திருந்தால் நமக்கும் நல்லது, மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறிந்துவிடும். மூன்றும் பொய். உயிரைக் கொல்லும் காளான் நஞ்சுகள் வெள்ளியைக் கறுக்க வைப்பதில்லை, கொதித்தாலும் அழிவதில்லை, நத்தையும் புழுவும் அவற்றை நிம்மதியாகத் தின்னும். மழைக்குப் பிறகு புல்வெளியிலும் மைதானத்திலும் பெரிய வெள்ளைக் குடையாக நிற்கும் குளோரோஃபில்லம் காளானை நல்லதென்று நினைத்துச் சமைத்து வயிற்றுப்போக்கில் படுப்பவர்கள் உலகெங்கும் உண்டு. அதன் வித்துப் பதிவு பச்சையாக விழும். தெரிந்தவர் கொடுத்தாலும், படத்தைப் பார்த்து யாராவது 'நல்ல காளான்' என்று சொன்னாலும், பறித்ததைச் சமைக்காதீர்கள்.

யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள், நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. மீதமிருக்கும் காளானையோ சமைத்த குழம்பையோ கையோடு கொண்டுபோங்கள். ஆறு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் அது இன்னும் கவலைக்குரியது. கல்லீரலைத் தாக்கும் நஞ்சுகள் அப்படித்தான் தாமதமாகக் காட்டும். நடுவில் ஒருநாள் உடம்பு தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.

மரத்தில் இது வந்தால் என்ன அர்த்தம்

நிற்கும் மரத்தின் கிளையில் வந்தால் அந்தக் கிளையோ, அதன் ஒரு பக்கமோ செத்துவிட்டது என்று பொருள். காளான்தான் மரத்தைக் கொன்றது என்று வெட்ட வரும் ஆட்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கிளையை முண்டு வைத்து வெட்டிய காயம், பட்டையில் வெயில் சுட்ட வெடிப்பு, ஆணி அடித்த ஓட்டை இவற்றின் வழியாகத்தான் நுழைகிறது. நம் தெருக்களில் மரத்தின் கழுத்து வரைக்கும் சிமெண்ட் பூசி மூச்சை அடைக்கிறார்களே, அதுதான் என்னை வருத்துகிறது. மரத்தைச் சுற்றி ஒரு முழமாவது மண் தெரிய விடுங்கள். காளான் வந்த கிளையை மட்டும், தண்டோடு சேரும் கழுத்துப்பகுதியைக் காயப்படுத்தாமல் வெட்டச் சொல்லுங்கள். சாலை, வீடு, பள்ளிக்கு மேல் தொங்கும் கிளையில் வந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், காற்றில் முதலில் முறிவது அதுதான்.

கதவு நிலையிலோ ஜன்னல் சட்டத்திலோ வந்தால் காளானைச் சுரண்டி எடுத்துப் பெயிண்ட் அடிப்பதில் பயனில்லை. உள்ளே பூஞ்சை இழைகள் ஓடியிருக்கும், வெளியே தெரிவது அதன் காய் மட்டும்தான். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் எந்தப் பூஞ்சையும் மரத்தை அரிக்க முடியாது. ஆகவே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஒழுகும் குழாய், சன்ஷேடில் தேங்கும் தண்ணீர், கழிவறைச் சுவர். அதைச் சரிசெய்துவிட்டு, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் பகுதியை வெட்டி எடுத்து வேறு மரம் வைக்கச் சொல்லுங்கள்.

கீழே விழுந்து கிடக்கும் கட்டையில் வந்திருந்தால் விட்டுவிடுங்கள். அது மட்கி மண்ணாகட்டும்.

23,328 என்ற எண்

இதைத் தெரிந்துகொள்ளாமலும் காளானை அடையாளம் காணலாம், ஆனால் சொல்லாமல் இருக்க எனக்கு மனசில்லை. நமக்கு ஆண், பெண் என்று இரண்டு பால். இந்தக் காளானில் 'பால்' போல நடந்துகொள்ளும் வகைகள் 23,000-க்கும் மேல். ஹார்வர்டில் ஜான் ராப்பரும் அவர் குழுவினரும் 1950, 60-களில் மாதிரிகளை ஒன்றோடொன்று கலந்து பார்த்துக் கண்டுபிடித்தது. பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுத் தொகுதிகள் இரண்டு. ஒன்றில் 288 வகை, மற்றதில் 81 வகை. இரண்டையும் பெருக்கினால் 23,328. இரண்டு தொகுதியிலும் வேறுபட்டால்தான் இணை சேரும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரே காளானிலிருந்து விழுந்த இரண்டு வித்துகள் இணை சேர வாய்ப்பு நாலில் ஒன்றுதான். ஆனால் தண்டையார்பேட்டைக் கட்டையிலிருந்து ஒரு வித்தும் வியாசர்பாடிக் கட்டையிலிருந்து ஒரு வித்தும் சந்தித்தால், கிட்டத்தட்ட எப்போதுமே பொருந்தும். சொந்தத்துக்குள் முடிக்காமல் வெளியில் முடிப்பதற்கு இயற்கை வைத்த ஏற்பாடு. கட்டையில் நாம் பார்க்கும் ஒவ்வொரு விசிறியும் அப்படிக் காற்றில் வந்து சந்தித்த இரண்டு வித்துகளின் பிள்ளை. 2010-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள், 13,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் எண்ணப்பட்டன.

பதிவு செய்வது

சென்னையில் காளான் ஆய்வுக்கு நல்ல மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் டி. எஸ். சதாசிவன், சி. வி. சுப்பிரமணியன் போன்றவர்கள் பூஞ்சை ஆய்வை வளர்த்தார்கள், கே. நடராஜன் தென்னிந்தியச் செவுள் காளான்களை முறையாகப் பதிவு செய்தார். தெருக்களில் தினமும் நடக்கும் நம்முடைய பதிவும் அதோடு சேர வேண்டியதுதான்.

நோட்டில் இவற்றை எழுதுங்கள்: தேதி, இடம் (தெருமுனை, அருகிலுள்ள அடையாளம்), மரத்தின் பெயர், கட்டை நிற்பதா விழுந்ததா, கடைசி மழை எப்போது, காளான் விரிந்திருந்ததா சுருண்டிருந்ததா. மரத்தின் பெயர் தெரியாவிட்டால் பட்டையையும் பக்கத்தில் கிடக்கும் இலையையும் படம் எடுத்து வையுங்கள். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றலாம். மேல்பக்கம், செவுள், குறுக்கு வெட்டு மூன்றும் இருந்தால் மற்றவர்கள் அடையாளத்தை உறுதிப்படுத்துவது எளிது. மேல்பக்கப் படம் மட்டும் போட்டால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

மாதிரியை நிழலில் காயவைத்துத் தீப்பெட்டிக்குள் போட்டு, மூடிமேல் அதே விவரங்களைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி அழிந்துவிடும். பூச்சி வராமல் இருக்க இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் வருஷம் முழுக்கப் பார்த்து வாருங்கள். எங்கள் தெருமுனைத் துண்டில் நான் முதல் ஆண்டு எண்ணியது 60-க்கு மேல். மூன்றாம் ஆண்டு பட்டை உதிர்ந்ததும் பாதியாகக் குறைந்தது, கானோடெர்மா ஒன்று அடியில் தலை காட்டியது. ஐந்தாம் ஆண்டு நடுப்பகுதி கையால் அள்ளும் அளவுக்கு உதிரியாகிவிட்டது. ஆயா அதிலிருந்து இரண்டு சட்டி மண் அள்ளிப் போய்த் துளசி வைத்தார்.

துளசிச் சட்டியின் ஓரத்தில் மட்காமல் மீந்த ஒரு சிம்பு இருக்கிறது. போன கார்த்திகையில் அதில் நகம் அளவுக்கு மூன்று வெள்ளை விசிறிகள் வந்திருந்தன. "உன் நாய்க்கொட வந்துகீது, வந்து பாத்துட்டுப் போ" என்று ஆயாதான் கூப்பிட்டுச் சொன்னார்.